பரீட்சை எழுத ஒரு கை



ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியிலும் மார்ச் கடைசியிலும் நமது மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்கு ஒரு தனிக் கூட்டத்தார் வருவதுண்டு. அவர்களுக்குக் காய்ச்சலும் இல்லை, இருமலும் இல்லை. கழுத்திலே கல்லூரி அடையாள அட்டை, கையிலே பழைய மருத்துவச் சீட்டுகள் அடங்கிய ஒரு பிளாஸ்டிக் கவர், பக்கத்திலே கவலையோடு நிற்கும் ஒரு தாயோ தகப்பனோ. "பரீட்சை எழுத ஆள் வைத்துக்கொள்ள ஒரு சர்டிபிகேட் வேண்டும், ஐயா" என்று கேட்பார்கள். செமஸ்டர் பரீட்சைக்குப் பத்து நாள்தான் இருக்கும். பத்து நாளில் ஆகிற காரியம் அல்ல அது என்று அவர்களிடம் சொல்வது எங்களுக்கு மிகவும் கஷ்டமான வேலை.

உங்களில் அநேகர் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர்கள். அநேகருக்குக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உண்டு. ஆகையால் இந்த ஒரு காரியத்தைச் சற்று விரிவாகவே எழுதலாம் என்று எண்ணினோம். தன் கையால் எழுத முடியாத ஒரு மாணவருக்குக் கல்லூரியில் என்ன உதவி உண்டு, அதை எப்படிப் பெறுவது, அவருக்காகப் பேனா பிடிக்கிறவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே காரியம். அப்படிப் பேனா பிடிக்கிறவரை அரசு "சொல்வதை எழுதுபவர்" என்று அழைக்கிறது. கல்லூரி ஆபீசில் ஸ்கிரைப் என்று சொன்னால்தான் விளங்கும்.

யாருக்குத் தேவை?

இந்த உதவி என்றவுடன் எல்லாரும் பார்வையற்ற மாணவர்களைத்தான் நினைக்கிறார்கள். சட்டமும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தது. ஆனால் மருத்துவமனையில் இருக்கிற எங்களுக்கு வேறு பலரும் கண்ணில் படுகிறார்கள்.

மரத்திலிருந்து விழுந்தோ வாகன விபத்திலோ கழுத்துத் தண்டுவடம் அடிபட்ட வாலிபர்களைப் பாருங்கள். சிலருக்குத் தோள் அசையும், முழங்கை மடங்கும், மணிக்கட்டைக்கூடத் தூக்க முடியும். விரல்களை மட்டும் மூட முடியாது. மூளைவாதத்தோடு பிறந்த பிள்ளைகள் சிலர் அழகாகவே எழுதுவார்கள், ஆனால் ஒரு வரிக்கு ஐந்து நிமிடம் ஆகும். வேறு சிலருக்குக் கை தானாகவே துள்ளும்.

தொழுநோயிலிருந்து குணமானவர்களின் காரியம் இன்னும் நுட்பமானது. முழங்கை வழியாக ஓடும் நரம்பு கெட்டுப்போவதால் விரல்கள் கொக்கிபோல் மடங்கிவிடுகின்றன. 1940களின் கடைசியில் வேலூரில் டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் தசைநாண்களை இடம் மாற்றித் தைத்து அப்படிப்பட்ட கைகளை மறுபடியும் விரியச் செய்தார்கள். இன்றைக்கும் அந்த அறுவைச் சிகிச்சை நடக்கிறது. கை விரிந்தாலும் உணர்ச்சி திரும்புவதில்லை. உணர்ச்சி இல்லாத கை பேனாவை எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பது அந்தக் கைக்கே தெரியாது. மூன்று மணி நேரப் பரீட்சை முடிந்து பார்த்தால் விரலில் கொப்புளம், இரண்டு நாள் கழித்துப் புண். பார்க்கிறவர்கள், "இவர்தான் எழுதுகிறாரே, இவருக்கு எதற்கு ஆள்?" என்று கேட்பார்கள். எழுத முடிகிறது என்பது வேறு, எழுதினால் கேடு வராது என்பது வேறு.

இன்னொரு வகையும் உண்டு. கை நன்றாக இருக்கும். டம்ளரைப் பிடிக்கும், சட்டைப் பொத்தான் போடும். பேனாவை எடுத்தவுடன் விரல்கள் முறுக்கிக்கொள்ளும். எழுத்தாளர் பிடிப்பு என்று இதைச் சொல்லலாம், மருத்துவர்கள் டிஸ்டோனியா என்பார்கள். கோளாறு கையில் அல்ல, கையை நடத்துகிற மூளையின் கட்டளையில் இருக்கிறது. அறிவிலே குறைவில்லாமல் எழுத்து மட்டும் கூடிவராத டிஸ்கிராஃபியா என்ற நிலையும் இருக்கிறது. இந்த இரண்டு வகையினரும் வெளியே எதுவும் தெரியாததால் அதிகமாகச் சந்தேகிக்கப்படுகிறார்கள்.

சட்டம் நடந்து வந்த வழி

1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம், பார்வையற்ற மாணவர்களுக்கும் குறைந்த பார்வையுள்ள மாணவர்களுக்கும் கல்வி நிறுவனங்கள் எழுதித் தருபவரை ஏற்பாடு செய்ய வேண்டும் என்றது. கையைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை விரிவாக்கியது. 21 வகையான குறைபாடுகள் அதில் இடம்பெற்றன. தொழுநோயிலிருந்து குணமானவர்களும், கற்றலில் குறைபாடு உள்ளவர்களும் அவற்றில் அடங்குவர். அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, கூடுதல் நேரத்தையும் எழுதித் தருபவரையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆகவே இது கல்லூரி முதல்வர் மனமிரங்கிச் செய்கிற தயவு அல்ல. மாணவர்கள் விண்ணப்பம் எழுதும்போது "கருணை கூர்ந்து" என்று ஆரம்பிப்பதை நாங்கள் அடித்துவிட்டு, "மேற்கண்ட சட்டத்தின்படி" என்று எழுதச் சொல்லுகிறோம். மரியாதைக்கு இதனால் ஒரு குறைவும் இல்லை.

2018 ஆகஸ்டில் மத்திய அரசு தேர்வுகளுக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தர வேண்டும். அப்படியானால் மூன்று மணி நேரப் பரீட்சைக்கு நான்கு மணி நேரம். ஆள் வேண்டாம், நானே மெதுவாக எழுதிக்கொள்ளுகிறேன் என்கிறவருக்கும் இந்தக் கூடுதல் நேரம் உண்டு. இதைப் பலர் அறியார்கள். பார்வையின்மை, இரண்டு கைகளிலும் பாதிப்பு, மூளைவாதம் ஆகிய மூன்று வகையினருக்கும் கேட்டாலே ஆள் தர வேண்டும். மற்றவர்கள், எழுத முடியாத நிலையில் இருக்கிறார்கள் என்ற மருத்துவச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும்.

அந்த வழிகாட்டுதல் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கே என்று இருந்தது. விகாஸ் குமார் என்பவர் எழுத்தாளர் பிடிப்பு உள்ளவர். மத்தியத் தேர்வாணையத்தின் சிவில் சர்வீஸ் தேர்வுக்கு ஆள் கேட்டு மறுக்கப்பட்டு, உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். 2021 பிப்ரவரி 11ஆம் தேதி வந்த தீர்ப்பு, 40 சதவீதம் என்ற கோடு இட ஒதுக்கீட்டுக்கு உரியதாக இருக்கலாம், எழுத முடியாதவருக்கு ஆள் கொடுப்பதற்கு அந்தக் கோடு தடையாக இருக்கக்கூடாது என்று தெளிவாக்கிற்று. அதன்பின் 2022 ஆகஸ்டில் 40 சதவீதத்துக்குக் கீழே உள்ளவர்களுக்கும் வழிகாட்டுதல் வந்தது. 2025 பிப்ரவரியில், அதேபோன்ற கைக்கோளாறு உள்ள குல்ஷன் குமார் என்பவரின் வழக்கிலும் உச்சநீதிமன்றம் இதையே வலியுறுத்தியது. ஒரு மாணவரைப் பார்த்து "உனக்கு 40 சதவீதம் இல்லையே" என்று யாராவது திருப்பி அனுப்பினால் இந்தத் தீர்ப்புகளைச் சொல்லலாம்.

சான்றிதழ் யாரிடம்?

இங்கேதான் எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அநேகருடைய முகம் வாடுகிறது. அந்தச் சான்றிதழை நாங்கள் கொடுத்தால் செல்லாது. 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, அரசு மருத்துவ நிலையத்தின் தலைமை மருத்துவ அதிகாரியோ, சிவில் சர்ஜனோ, மருத்துவக் கண்காணிப்பாளரோதான் கையொப்பமிட வேண்டும். ஒரு பிள்ளைக்கு இங்கேயே நான்கு அறுவைச் சிகிச்சை நடந்திருக்கும், அதன் கையை எங்கள் டாக்டரம்மாவைவிட நன்றாக அறிந்தவர் வேறு எவரும் இருக்கமாட்டார்கள். ஆனாலும் அரசு முத்திரைதான் வேண்டும். இதில் எங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு என்பதை மறைப்பானேன். எங்கள் பங்குக்கு, என்ன பாதிப்பு, எவ்வளவு நேரம் எழுதினால் என்ன ஆகும் என்பதை விவரமாக எழுதி ஒரு மருத்துவ அறிக்கை தருகிறோம். அதைக் காண்பித்தால் அரசு மருத்துவமனையில் பரிசோதிக்கிறவருக்கு வேலை எளிதாகிறது.

பள்ளிக்கூடத்தில் இப்படிப்பட்ட அலைச்சல் குறைவு. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகளில் தலைமையாசிரியர் மூலமாகக் காகிதம் போய், ஆளையும் தேர்வுத்துறையே ஏற்பாடு செய்துவிடும். கல்லூரியிலும் அப்படியே நடக்கும் என்று பிள்ளைகள் நம்பி இருந்துவிடுகிறார்கள். நடப்பதில்லை. விண்ணப்பம் கொடுப்பதும், பெரும்பாலும் ஆளைத் தேடுவதும் அவர்கள் பொறுப்பாகவே வந்து விழுகிறது.

ஆகையால் கல்லூரி திறக்கிற ஜூன் மாதத்திலேயே ஆரம்பிக்க வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போக வேண்டும். இப்போது நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே அட்டை தருகிறார்கள். பிறகு எழுத இயலாமைக்கான சான்றிதழ். பிறகு முதல்வர் வழியாகத் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு விண்ணப்பம். படிவம் கல்லூரிக்குக் கல்லூரி மாறும், அதை ஆபீசிலேயே கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றிலும் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுவது நல்லது. ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கு முத்திரையும் தேதியும் வாங்கிவிட வேண்டும். கல்லூரிக்குள்ளே நடக்கிற மாதாந்தரத் தேர்வுகளுக்கும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பதை மறக்கக்கூடாது. செமஸ்டருக்கு ஆள் கிடைத்தும், உள்மதிப்பீட்டில் மார்க் இழந்த பிள்ளைகளை நாங்கள் கண்டிருக்கிறோம்.

கை மாத்திரம், மூளை அல்ல

இனி, எழுதித் தருகிறவரைப் பற்றி. நாங்கள் முக்கியமாகச் சொல்ல விரும்புவது இதுதான்.

பவுல் அப்போஸ்தலன் ரோமருக்கு எழுதின நிருபத்தைத் தன் கையால் எழுதவில்லை. கடைசி அதிகாரத்திலே தெர்தியு என்று ஒருவன், இதை எழுதினவன் நான்தான் என்று ஒரே ஒரு வரியில் வாழ்த்துதல் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுகிறான். பதினாறு அதிகாரத்தில் அந்த ஒரு வரிதான் அவனுடையது. அந்த நிருபத்தைத் தெர்தியுவின் நிருபம் என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. எரேமியா சொல்லச் சொல்ல எழுதின பாருக்கிடமோ அதிகாரிகள் ஒரு கேள்வி கேட்டார்கள்: இதையெல்லாம் எப்படி எழுதினாய்? அவன் வாயினால் சொன்னான், நான் மையினால் எழுதினேன் என்ற பொருளில் பாருக்கு பதில் சொன்னான். பரீட்சை அறையில் மேற்பார்வையாளரின் மனதிலே இருக்கிற கேள்வியும் அதுவே. எழுதுகிறவர் பாருக்கைப்போல் நேராகப் பதில் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

இந்தச் சந்தேகம் புதிது அல்ல. பார்வையும் செவியும் இழந்த ஹெலன் கெல்லர் 1899இல் அமெரிக்காவின் ராட்கிளிஃப் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுதினபோது, பழகின ஆசிரியையான ஆன் சல்லிவன் கேள்வித்தாளை வாசித்துச் சொல்ல அனுமதிக்கப்படவில்லை. வேறொருவர் கேள்விகளைப் பிரெயிலில் பெயர்த்துக் கொடுத்தார். அல்ஜீப்ராவில் அவர் பயன்படுத்தின குறியீடுகள் ஹெலனுக்குப் பழக்கம் இல்லாதவை. மிகவும் தடுமாறினார். ஆனாலும் தேறி, 1904இல் பட்டமும் பெற்றார். கள்ளம் நடக்காதபடி காவல் வைக்கிறவர்கள், அந்தக் காவலே மாணவருக்குத் தடையாகாதபடியும் பார்க்க வேண்டும் என்று அந்தக் கதை எங்களுக்கு நினைப்பூட்டுகிறது.

நமது நாட்டின் 2018 வழிகாட்டுதலிலும் ஒரு காவல் இருக்கிறது. மாணவர் தாமே அழைத்துவருகிற ஆள், மாணவரைவிடப் படிப்பில் ஒரு படி கீழே இருக்க வேண்டும். பட்டப்படிப்பு மாணவருக்குப் பொதுவாகப் பிளஸ் டூ அளவில் உள்ள ஒருவரைக் கேட்கிறார்கள். நியாயமான விதிதான். ஆனால் அதன் விளைவைப் பாருங்கள். பி.எஸ்சி. கணிதம் படிக்கிற பிள்ளைக்கு, வணிகவியல் பிரிவில் பிளஸ் டூ படித்த ஒரு பையன் வந்து உட்காருகிறான். "இன்டெக்ரல், ஜீரோ டு பை" என்று மாணவர் சொன்னால், அந்தக் குறி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியாது. அவன் அதை எழுத்துக்கூட்டி எழுதி வைப்பான். விடை சரி, தாளில் இருப்பதோ திருத்துகிறவருக்கு விளங்காத ஒன்று.

இதற்குப் பரிகாரம் முன்கூட்டியே பழகுவது ஒன்றுதான். எழுதுகிறவரைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பாகவே சந்திக்க மாணவரை அனுமதிக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் சொல்லுகிறது. இரண்டு நாள் எங்கள் அனுபவத்தில் போதவே போதாது. மூளைவாதம் உள்ள பிள்ளையின் பேச்சு காதுக்குப் பழகவே ஒரு வாரம் வேண்டும். அந்தப் பாடத்தின் குறியீடுகளையும் கடினமான சொற்களையும் ஒரு தாளில் பெரிதாக எழுதி, எழுதுகிறவர் வீட்டிலேயே பத்துத் தடவை எழுதிப் பார்க்கட்டும். அந்தத் தாளைப் பரீட்சை அறைக்குள் கொண்டுபோகக்கூடாது, ஆனால் கை பழகியிருக்கும்.

தமிழ்த் தாளுக்கும் தனிப் பழக்கம் வேண்டும். சொல்லும்போது "வலி" எது, "வளி" எது, "வழி" எது? மாணவர் சரியாகவே உச்சரித்தாலும், கேட்கிறவர் காதில் மூன்றும் ஒன்றுபோல் விழலாம். "சின்ன ர", "பெரிய ற", "மூணு சுழி ண", "சிறப்பு ழ" என்று பள்ளிக்கூடப் பாணியில் சொல்லிக்கொள்ள இருவரும் முன்னமே பேசி வைத்துக்கொள்ளட்டும். ஊர்ப்பெயர், ஆள்பெயர், ஆண்டு இவற்றை மாணவர் எழுத்து எழுத்தாகச் சொல்லிவிடுவது உத்தமம். எழுத்துப்பிழைக்கு மார்க் குறைந்தால் குறைவது மாணவருக்குத்தான்.

மாணவரும் கற்றுக்கொள்ள வேண்டியது உண்டு. சொல்லி எழுதவைப்பது ஒரு தனிக் கலை. நாமெல்லாரும் எழுதிக்கொண்டே யோசிக்கிறவர்கள். பாதி வாக்கியம் எழுதிவிட்டு மேலே பார்த்து மீதியை முடிப்போம். சொல்லுகிறவருக்கு அந்த வசதி இல்லை. வாக்கியம் முழுவதையும் மனதிலே கட்டிமுடித்து, பிறகு துண்டு துண்டாக விட வேண்டும். காற்புள்ளி, முற்றுப்புள்ளி, புதுப் பத்தி எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். பார்வையற்றவர் தாம் எழுதவைத்ததைத் திரும்பிப் பார்க்க முடியாது. வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதிலேயே நேரம் போய்விடும். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் என்பது சலுகைபோல் தோன்றினாலும், அது போகிற வழி இதுதான். ஆகவே பரீட்சைக்கு முன் குறைந்தது மூன்று பழைய கேள்வித்தாள்களையாவது, கடிகாரம் வைத்து, அதே ஆளோடு முழுவதும் எழுதிப் பார்க்கும்படி நாங்கள் வற்புறுத்துகிறோம்.

எழுதுகிறவர் செய்யக்கூடாதவை எவை? நல்ல மனமுள்ளவர்களே இதில் தவறிப்போகிறார்கள் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர் தப்பாகச் சொன்னால் தப்பாகவே எழுத வேண்டும். "அக்கா, நான் சொன்னது சரியா?" என்று பதற்றத்தில் ஒரு பிள்ளை கேட்டால், "நீ சொன்னதை வாசித்துக் காட்டட்டுமா?" என்பதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரக்கூடாது. பெருமூச்சு விடுவதும், பேனாவைச் சட்டென்று நிறுத்துவதும்கூட ஒரு குறிப்புதான். பார்வையற்றவர்கள் அதைக் கண்ணுள்ளவர்களைவிடச் சீக்கிரமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள். சொன்ன வாக்கியத்தை அழகுபடுத்தக்கூடாது. நீளமாக இருக்கிறதே என்று சுருக்கக்கூடாது. பாவம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுகிறவர், அந்தப் பிள்ளை உழைத்துப் பெற்ற மற்ற மார்க்குகளையும் சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறார். அது பிடிபட்டால் தேர்வே ரத்தாகலாம்.

செய்ய வேண்டியவை எளிமையானவை. கேள்வித்தாளை முதலிலிருந்து கடைசி வரைக்கும் ஒருமுறை நிதானமாக வாசித்தல். மார்க் எவ்வளவு என்பதையும், "ஏதேனும் ஐந்து" போன்ற குறிப்புகளையும் விடாமல் வாசித்தல். கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் மறுபடியும் வாசித்தல். கேள்வி எண்ணைச் சரியாக இடுதல். அரை மணிக்கு ஒருமுறை நேரத்தைச் சொல்லுதல். படம் வரைகிற கேள்விக்கு மாற்றுக் கேள்வி உண்டா என்று மேற்பார்வையாளரிடம் ஆரம்பத்திலேயே கேட்டுவிட வேண்டும்.

இக்காலத்துக்குரிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பரீட்சை முடிந்து வெளியே வந்தவுடன் அந்தப் பிள்ளையோடு செல்போனில் படம் எடுத்து, "இன்று ஒரு நற்காரியம் செய்தேன்" என்று வாட்ஸாப்பில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தப் பிள்ளை பரீட்சை எழுத வந்தது, உங்கள் புகைப்படத்தில் நிற்பதற்கு அல்ல.

பரீட்சைக்கு வெளியே

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிற பரீட்சையைவிட, தினந்தோறும் வகுப்பில் எழுத வேண்டிய குறிப்புகள்தான் அதிக பாரம். அதற்கு எங்களுக்குத் தெரிந்த மிக மலிவான உதவி ஒரு கார்பன் தாள். பக்கத்தில் இருக்கிற மாணவி தன் நோட்டுக்கு அடியில் அதை வைத்து எழுதினால் இரண்டு பிரதி ஆகிவிடும். செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாமே என்பீர்கள், அதுவும் சரிதான். ஆனால் கார்பன் தாள் வைக்கிற மாணவி கொஞ்சம் திருத்தமாக எழுதுகிறாள் என்று ஒரு கல்லூரி ஆசிரியை எங்களிடம் சொன்னார்.

நமது ஆக்குபேஷனல் தெரபி பிரிவில், விரல் மூடாதவர்களுக்குப் பேனாவின்மேல் தடித்த ரப்பர்க் குழாய் மாட்டிக் கொடுக்கிறார்கள். சாய்வுப் பலகையும், கையோடு பேனாவைக் கட்டும் பட்டையும் செய்து தருகிறார்கள். இவற்றால் ஒரு பக்கம், இரண்டு பக்கம் எழுதலாம். அசைன்மென்ட்டுக்கும் கடிதத்துக்கும் போதும், பரீட்சைக்குப் போதாது.

கம்ப்யூட்டர் பலருடைய நிலையை மாற்றிவிட்டது உண்மை. திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்.வி.டி.ஏ. என்ற மென்பொருளை ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற வாலிபர் இருவர் 2006இல் ஆரம்பித்தார்கள். அது இலவசம், தமிழும் வாசிக்கும். பேசினால் தமிழில் தட்டச்சு செய்யும் வசதியும் 2017 முதல் செல்போனில் இருக்கிறது. 2018 வழிகாட்டுதலின்படி, பரீட்சையையே கம்ப்யூட்டரிலோ பிரெயிலிலோ எழுதுகிற முறையையும் மாணவர் கேட்கலாம். அப்படி எழுத முடிந்தவர்களுக்கு நாங்கள் அதையே சிபாரிசு செய்கிறோம். வேறொருவருடைய கையை நம்பியிருக்கத் தேவையில்லை. ஆனால் தட்டச்சுப் பழகச் சில மாதங்கள் ஆகும், கல்லூரியும் சம்மதிக்க வேண்டும். அதுவரைக்கும் ஆள் வேண்டும்தான். 2025இல் மத்திய அரசு கொண்டுவந்த புதிய வழிகாட்டுதல்கள், போட்டித் தேர்வுகளில் தேர்வு நடத்துவோரே பயிற்சி பெற்ற ஆட்களை வைத்திருக்க வேண்டும் என்ற திசையில் போகின்றன. நமது ஊர்க் கல்லூரிகளில் அது எப்படி நடைமுறைக்கு வருகிறது என்பதை ஒவ்வொரு பரீட்சைக்கும் ஆபீசில் விசாரித்துக்கொள்ளுவது நல்லது.

நீங்கள் செய்யக்கூடியது

ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர், "நாங்களே வந்து எழுதுகிறோமே" என்று முன்வருகிறார்கள். அவர்கள் கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஆனால் எம்.ஏ., பி.எட். படித்தவரை பி.ஏ. மாணவருக்கு அனுமதிக்கமாட்டார்கள். ஆகவே அவர்களிடம் வேறு இரண்டு உதவிகளைக் கேட்கிறோம். ஒன்று, பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசித்துச் செல்போனில் பதிவு செய்து கொடுப்பது. ஒரு அத்தியாயத்துக்கு ஒரு பதிவு, பக்க எண்ணையும் சொல்லி. மற்றொன்று, மாதிரிப் பரீட்சையின்போது மேற்பார்வையாளர் இடத்தில் உட்கார்ந்து, எழுதுகிற பையனையும் சொல்லுகிற பிள்ளையையும் பழக்கிவிடுவது. உண்மையான பரீட்சையில் எழுதுவதைவிட இது கடினமான வேலை. இதற்கு ஆசிரியர்தான் தகுந்தவர்.

பரீட்சையில் எழுத, பிளஸ் டூ முடித்தவர்களும் படிக்கிறவர்களும் தேவை. உங்கள் வீட்டிலோ சபையிலோ அப்படிப்பட்டவர்கள் இருந்தால் நவம்பர் பரீட்சைக்கு ஆகஸ்டிலும், ஏப்ரல் பரீட்சைக்கு ஜனவரியிலும் அனுப்புங்கள். வேறு பாடப்பிரிவு படித்தவர்களாக இருந்தால் கல்லூரியில் கேள்வி எழாது. ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு பேரை நாங்கள் பழக்குகிறோம், ஒருவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் மற்றவர் போக வேண்டும் அல்லவா. அவசரத்தில் ஆளை மாற்றிக்கொள்ள விதியும் இடம் தருகிறது.

வருகிறவர்கள் படிப்புச் சான்றிதழின் நகலையும் அடையாள அட்டையின் நகலையும் கொண்டுவரட்டும். பேருந்துச் செலவை யார் ஏற்பது என்பதை முதல் நாளிலேயே மாணவரின் பெற்றோரோடு பேசி முடித்துவிடுகிறோம். அறை வாசலில் அந்தப் பேச்சு வரக்கூடாது. பரீட்சை நாளில் அரை மணி நேரம் முன்னதாக வர வேண்டும். எழுதுகிற பேனா இரண்டு இருக்கட்டும். நான்கு மணி நேரம் இடைவிடாமல் எழுத வேண்டியிருப்பதால் காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.